எட்டடி அகலக் கண்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு மொட்டைமாடி அறையில் ஒரு மாடல் ரயில் லேஅவுட் கட்டிவருகிறேன். 1950களில் தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் ஒரு சிறு ஸ்டேஷன். மீட்டர் கேஜ், நீராவி எஞ்சின், 1:87 அளவு. நேரில் பார்ப்பவர்கள் அசல் மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். படம் எடுத்தால் மட்டும் பொம்மைக் கடை! போன் கேமரா போதாதோ என்று மருமகனிடம் விலையுயர்ந்த ஃபுல் ஃபிரேம் கேமராவும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸும் இரவல் வாங்கி எடுத்துப் பார்த்தேன். முன்னைவிட மோசம். என்ன காரணம்? இன்னொன்று: புகைபோக்கியில் பஞ்சு வைத்தால் பஞ்சாகவே தெரிகிறது. ஊதுபத்தி வைக்கலாமா?

— ஒரு வாசகர், பெரும்பாக்கம்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘முன்னைவிட மோசம்’ என்ற இடம்தான். விலையுயர்ந்த கேமராவைச் சொந்தக் காசில் வாங்கியவர்கள் இதை வெளியே சொல்லமாட்டார்கள். நீங்கள் இரவல் வாங்கியதால் உண்மை தைரியமாக வெளியே வந்திருக்கிறது. பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

தாம்பரம் என்றால் மின்சார ரயில்தானே, நீராவி எங்கிருந்து வந்தது என்று இதைப் படிக்கும் யாராவது கேட்கக்கூடும். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே மாதத்தில். ஆனால் கம்பி தாம்பரத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து விழுப்புரம் வரை அது நீண்டது 1960களில்தான். ஆகவே 1950களின் கூடுவாஞ்சேரியில் தலைக்கு மேலே கம்பி இல்லை, ஒய்.பி. பாசஞ்சர் எஞ்சினும் ஒய்.ஜி. கூட்ஸ் எஞ்சினும் கரி எரித்துக்கொண்டு போகலாம். காலத்தையும் இடத்தையும் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். படம் எடுப்பவருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. குறுக்கே ஓடும் கம்பிகள் இல்லாத வானம் கிடைக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாடல் படம் பொம்மைபோல் தெரிந்தால் நாம் பொதுவாக இரண்டு பேரைச் சந்தேகப்படுவோம். ஒன்று, மாடலில் நுணுக்கம் போதவில்லை. இன்னொன்று, கேமராவில் தரம் போதவில்லை. முதலாவது பல சமயம் உண்மையாக இருக்கும். ஆனால் நேரில் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள் என்றால் உங்கள் மாடல்மீது குற்றம் இல்லை. இரண்டாவதை உங்கள் சோதனையே பொய்யாக்கிவிட்டது. கேமராவின் தரம் கூடியது, படம் கெட்டது. அப்படியானால் கோளாறு தரத்தில் இல்லை. கேமராவின் அளவில் இருக்கிறது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவில். அந்தத் துளையை அபெர்ச்சர் என்பார்கள். எஃப் 1.8, எஃப் 8 என்ற எண்கள் அதன் அகலத்தைக் குறிப்பவை. லென்ஸின் குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்தால் துளை ஏறத்தாழ 28 மி.மீ. எஃப் 8இல் வைத்தால் 6 மி.மீ.க்குச் சற்று மேல்.

இப்போது அந்த 28 மி.மீட்டரை உங்கள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும் இருபது மி.மீ. உயர ஸ்டேஷன் மாஸ்டரின் கணக்கில் பாருங்கள். 87ஆல் பெருக்கினால் 2.4 மீட்டர். எட்டடி அகலமுள்ள ஒரு கண், ரயிலை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது! 1955இல் கூடுவாஞ்சேரிக்கு எந்தப் புகைப்படக்காரர் வந்திருந்தாலும் அவர் லென்ஸின் துளை சில மில்லிமீட்டர்தான் இருந்திருக்கும். ரயில், மரம், மனிதர் என எல்லாவற்றையும் 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய நீங்கள், கேமராவை மட்டும் அசல் அளவிலேயே உள்ளே விட்டுவிட்டீர்கள்.

துளையின் அகலத்துக்கும் பொம்மைத்தனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இடையில் நிற்பது டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது தெளிவு ஆழம். படத்தில் எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை உள்ள பொருள்கள் கூர்மையாகத் தெரிகின்றன என்பதன் அளவு இது. அசல் ரயிலை 30 மீட்டர் தள்ளி நின்று, 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து எடுத்தால், சுமார் 8 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவு. அதே காட்சியை மாடலில் எடுக்க நீங்கள் 35 செ.மீ. தூரத்தில் நிற்கவேண்டும். அதே லென்ஸ், அதே எஃப் 8. இப்போது தெளிவு ஆழம் 2 செ.மீ. மட்டுமே. ரயிலின் உலகத்தில் அது ஒன்றே முக்கால் மீட்டர். டெண்டரோடு சேர்த்து உங்கள் ஒய்.பி. எஞ்சின் 22 செ.மீ. நீளம் இருக்குமே, அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தெளிவாக விழாது. எஃப் 1.8க்குத் திறந்தாலோ ஆழம் 4 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். முன்விளக்கு கூர்மையாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் புகைபோக்கியே மங்கத் தொடங்கிவிடும். மருமகனின் லென்ஸில் நீங்கள் கண்டது இதைத்தான்.

இந்த மங்கலை நம் மூளை அழகாக மட்டும் பார்ப்பதில்லை, அளவாகவும் படிக்கிறது. மிக அருகில் உள்ள சின்னப் பொருளைப் பார்க்கும்போதுதான் முன்னும் பின்னும் இவ்வளவு கலங்கும் என்பது அதற்குப் பழகிப்போன பாடம். இதைத் தலைகீழாகவும் சோதிக்கலாம். உங்கள் மொட்டைமாடியிலிருந்து சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலை தெரிந்தால், போகும் பேருந்துகளை மேலிருந்து ஒரு படம் எடுங்கள். போனில் உள்ள எடிட்டிங் வசதியால் படத்தின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் மங்கலாக்குங்கள். அசல் மாநகரப் பேருந்து பொம்மைப் பேருந்தாக மாறிவிடும். 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாயத்தோற்றத்தையே ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். போனில் இருக்கும் ‘போர்ட்ரெய்ட்’ வசதி, பின்னணியை வேண்டுமென்றே கலைத்துவிடும் அந்த வசதி, உங்களுக்கு ஏன் ஆகாது என்பதும் இதிலிருந்து விளங்கும். கல்யாண மண்டபத்தில் அது நண்பன். மாடல் ரயிலுக்கு எதிரி.

அப்படியானால் கண்ணுக்கு மட்டும் எப்படி நிஜமாகத் தெரிகிறது? நியாயமான கேள்வி. நம் கண்மணியும் 3 மி.மீ. அளவில் திறந்திருப்பதுதான்; ரயிலின் கணக்கில் அதுவும் கால் மீட்டர். ஆனால் கண் ஓர் இடத்தில் நிற்பதில்லை. எஞ்சினைப் பார்க்கும்போது எஞ்சினுக்கும், பனைமரத்தைப் பார்க்கும்போது பனைக்கும் ஃபோகஸை மாற்றிக்கொண்டே போகிறது. நீங்கள் எதைப் பார்த்தாலும் அது தெளிவாக இருப்பதால் எல்லாமே தெளிவு என்று மனம் கணக்கு எழுதிவிடுகிறது. கேமராவுக்கு ஒரே பார்வைதான். அதில் சிக்காததை அது மங்கலாகவே பதிவுசெய்து கையில் கொடுத்துவிடுகிறது.

போன் படம் ஏன் கொஞ்சம் தேவலாம் என்பதும் இப்போது புரிந்திருக்கும். போனின் முதன்மை லென்ஸுக்குக் குவியத் தொலைவு சுமார் 6 மி.மீ.தான். எஃப் 1.8 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் துளை 3 மி.மீ. சொச்சம். அகலக் காட்சி காட்டும் அல்ட்ரா வைட் லென்ஸில் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மாடலின் உலகில் அது 9 செ.மீ. அதாவது, உங்களிடம் உள்ளவற்றில் கூடுவாஞ்சேரிக்குள் ஓரளவு நுழையக்கூடிய கேமரா, ஒதுக்கிவைத்த அந்தப் போன்தான். (சில போன்களில் அல்ட்ரா வைட் லென்ஸ் அருகில் உள்ள பொருளுக்கு ஃபோகஸ் ஆகாது. ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.)

துளையைச் சுருக்கினால் போதுமே, பெரிய கேமராவையும் எஃப் 22, எஃப் 32 என்று மூடிவிடலாமே என்று தோன்றும். பாதி தூரம் இது சரியான வழி. எஃப் 16இல் தெளிவு ஆழம் 4 செ.மீ. ஆகும். ஆனால் முழுதாகச் சரிக்கட்ட வேண்டுமென்றால் 6 மி.மீ. துளையை 87ஆல் வகுக்கவேண்டும். அது 0.07 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமன். எஃப் எண்ணில் சொன்னால் 700. அப்படி ஒரு துளையைப் போட்டாலும் படம் தெளிவாகாது, முழுவதும் குழைந்துவிடும். காரணம் டிஃப்ராக்‌ஷன்: மிகச் சிறிய துளை வழியே போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவிவிடும், ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் வட்டமாக விழும். எஃப் 22இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் 0.03 மி.மீ. கண்ணுக்குத் தெளிவு என்று நாம் ஒத்துக்கொள்ளும் எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்கு மேல் மூட மூட, ஆழம் கூடும், கூர்மை போகும்.

இந்த இடம் எனக்கு மிகப் பிடித்தமானது, சற்று நின்றுவிட்டுப் போகிறேன். மாடல் கட்டுபவர் எதையும் 87ஆல் வகுக்கலாம். தண்டவாளத்தை வகுத்து 12 மி.மீ. பாதை போட்டிருப்பீர்கள் (கணக்குப்படி பதினொன்றரைதான் வரும், அந்த அரை மி.மீட்டரை யாரும் கேட்கமாட்டார்கள்). ஆளை வகுக்கலாம், மரத்தை வகுக்கலாம், மனசு வைத்தால் கேமராவையும் வகுக்கலாம். ஒளியின் அலைநீளத்தை வகுக்க முடியாது. அசல் கூடுவாஞ்சேரியில் விழுந்த அதே அலைநீளத்தில்தான் உங்கள் மாடல் கூடுவாஞ்சேரியிலும் ஒளி விழுகிறது. குட்டி உலகத்துக்கு அது 87 மடங்கு முரட்டு ஒளி. ஒரே சொடுக்கில் எடுத்த மாடல் படம், அசலைப்போல் முன்னிருந்து பின்வரை கூர்மையாக இருக்கவே முடியாது என்பதற்கு அடிப்படைக் காரணம் அதுதான். எந்த விலைக் கேமராவாலும் இதைத் தாண்ட முடியாது.

ஒரே சொடுக்கில் முடியாது என்றுதான் சொன்னேன். கண் செய்யும் வேலையைக் கேமராவையும் செய்யச்சொன்னால் முடியும். இதற்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் கணினி பொறுக்கி ஒரே படமாகச் சேர்ப்பது. மருமகனிடம் கேமராவை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வேலைக்கு அது போனைவிட மேல். டிரைபாடில் நிறுத்துங்கள், அல்லது அரிசி நிரப்பிய துணிப்பையின்மேல் உட்காரவையுங்கள். துளை எஃப் 8இலிருந்து எஃப் 11க்குள். வெளிச்ச அளவு, நிறச் சமன், ஃபோகஸ் மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். படத்துக்குப் படம் நிறம் மாறினால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். இரண்டு விநாடி டைமர் வைத்து, கை படாமல் எடுங்கள். 35 செ.மீ.யில் நிற்கும் எஞ்சினிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியுள்ள பின்னணிச் சுவர் வரை, எஃப் 8இல், பத்துப் பதினைந்து படங்கள் போதும். முன்பக்கம் ஃபோகஸை மயிரிழையாக நகர்த்துங்கள், பின்னால் போகப் போகத் தாராளமாக நகர்த்தலாம். சேர்ப்பதற்கு ஹெலிகான் ஃபோகஸ், ஸீரீன் ஸ்டாக்கர் என்று காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. ஹியூஜின் என்ற இலவச மென்பொருளோடு வரும் கருவிகளே ஆரம்பத்துக்குத் தாராளம். புதிய கேமராக்கள் சிலவற்றில் ‘ஃபோகஸ் பிராக்கெட்டிங்’ என்ற வசதி இருக்கும், நகர்த்தும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ரயில் மட்டும் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஸ்டேஷன் மாடல்தானே, நிற்கட்டும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் இன்னொரு சுருக்குவழி: கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடும், பிக்சல் குறையும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு அது பாதகமில்லை. ஆனால் தள்ளி நின்று ஜூம் செய்வதில் லாபமில்லை. எஞ்சின் படத்தில் அதே அளவு தெரியும்வரை ஜூம் செய்தால் ஆழமும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

கேமராவைச் சுருக்கியாயிற்று. எடுப்பவர் உயரத்தையும் சுருக்கவேண்டுமே! மாடல் படங்களில் பெரும்பாலானவை நின்றபடி குனிந்து எடுத்தவை. லேஅவுட்டுக்கு 60 செ.மீ. மேலே கேமரா இருந்தால் ரயிலின் கணக்கில் 52 மீட்டர் உயரம், ஏறத்தாழ பதினேழு மாடி. பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிதாகத் தோன்றாது. 1955இல் கூடுவாஞ்சேரியை அந்த உயரத்திலிருந்து பார்த்தது பருந்து மட்டும்தான். பிளாட்பாரத்தில் நிற்கும் மனிதரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர், 1:87இல் 18 மி.மீ. ஆகவே லென்ஸ் தளத்திலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். பெரிய கேமராவை அவ்வளவு கீழே கொண்டுபோவது கஷ்டம். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் கீழே வந்துவிடும், அப்படியே தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்திவிடலாம். மேலிருந்து ஒரு பார்வை வேண்டுமென்றால் நடைமேம்பாலத்தின் உயரம், அதாவது ஏழெட்டு செ.மீ., போதும். அந்தக் காலப் படக்காரர் ஏறி நின்றிருக்கக்கூடிய இடம் அது. கைகாட்டி மரத்தின்மேல் ஏறினார் என்று வேண்டுமானால் இன்னும் இரண்டு செ.மீ. சலுகை தரலாம்.

வெளிச்சத்துக்கும் இதே கணக்குத்தான். உங்கள் அறையில் டியூப் லைட் இருக்கும் என்று நினைக்கிறேன். நாலடி டியூப் ரயிலுக்கு மேலே நூறு மீட்டர் நீள விளக்கு. இரண்டு டியூப் இருந்தால் ஒவ்வொரு தந்திக் கம்பத்துக்கும் இரண்டு கலங்கல் நிழல். வெளியில் நிழல் ஒன்றுதான், அதன் விளிம்பும் கூர்மை. மூன்று மீட்டர் தள்ளிப் பிடித்த பத்து ரூபாய் நாணயம் எவ்வளவு அகலம் தெரியுமோ, வானத்தில் சூரியன் அவ்வளவுதான். அந்த அகலமுள்ள ஒரே எல்.இ.டி. விளக்கை அந்தத் தூரத்தில், கொஞ்சம் தாழ்வாக, ஒரு பக்கமாக வையுங்கள்; மற்றதை அணைத்துவிடுங்கள். விளக்கை அருகில் கொண்டுவந்தால் நிழல்கள் விசிறிபோல் விரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். தள்ளியிருந்தால் இணையாக விழும். நிழல் பகுதி மிகவும் இருண்டால் மேலே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை பிடியுங்கள், அது வானத்தின் வேலையைச் செய்யும்.

அதைவிட நல்லது அசல் சூரியன். மொட்டைமாடி அறை என்று எழுதியிருக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர். லேஅவுட்டில் கழற்றக்கூடிய இரண்டடித் துண்டு ஏதாவது இருந்தால் காலை ஏழு, ஏழரைக்கு வெளியே கொண்டுவாருங்கள். கடற்காற்று கிளம்பும் முன்னால் வேலையை முடித்துவிடலாம். உச்சிவெயில் வேண்டவே வேண்டாம். சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலேயே நிற்கும். நீராவி எஞ்சினின் அழகு சக்கரங்களிலும் அவற்றைப் பிணைக்கும் ராடுகளிலும் இருக்கிறது, அவை பாய்லருக்கு அடியில் ஒளிந்திருப்பவை. சாய்வெயில்தான் உள்ளே புகுந்து அவற்றைக் காட்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் அசல் நீராவி எஞ்சின்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. ஒருநாள் போய், மாடலில் எடுக்க நினைக்கும் கோணத்திலேயே அவற்றைப் போனில் எடுத்துப் பாருங்கள். வெயிலில் கறுப்பு எஞ்சின் கறுப்பாக இல்லை, புழுதியும் வானமும் கலந்த சாம்பலாகத் தெரியும். மாடலுக்குக் கன்னங்கரேல் என்று அடித்திருந்தால் கொஞ்சம் சாம்பல் பூசத் தோன்றும். பின்னணி ஓவியத்துக்கும் இது பொருந்தும். சென்னைக் காற்றின் ஈரத்தில் தூரத்து மலை நீலமாகக்கூட இராது, வெளுத்துத்தான் இருக்கும். பல்லாவரம் மலையைப் பகலில் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படம் எடுப்பதற்கு முன் தூரிகையால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். சுற்றிலும் கட்டட வேலை நடக்கும் ஊர் உங்களுடையது. 0.1 மி.மீ. தூசி ரயிலின் உலகில் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. கல். எஞ்சின் கூரையில் ஒரு முடி கிடந்தால் பென்சில் பருமன் கயிறு. எறும்பு வந்தால் அணில் அளவு. அணிலாவது ஸ்டேஷனில் இருக்கக்கூடியது, ஆறு கால் இல்லாமல்.

கடைசியாகப் புகை. நீராவி எஞ்சின் என்றால் எப்போதும் வெள்ளை மேகம் கக்கும் என்பது சினிமா கற்றுக்கொடுத்தது. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. நாம் பார்க்கும் வெள்ளை, அது குளிர்ந்து துளியானபின் தெரிவது. காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு அடர்த்தியாக, அவ்வளவு நேரம் நிற்கும். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயிலில் டிசம்பர் காலையில் எடுத்த படங்களில் வெள்ளை மேகம் பொங்கி வழியும். அதே நீராவி சித்திரை வெயிலில் புகைபோக்கியை விட்டுக் கொஞ்சம் மேலே போவதற்குள் மறைந்துவிடும். கரியை நன்றாக எரிக்கத் தெரிந்த ஃபயர்மேன் கையில் கரும்புகையும் அதிகம் வராது. ஸ்டேஷனில் நிற்கும் எஞ்சினுக்கோ மெல்லிய இழை போதும். கூடுவாஞ்சேரியில் கோடைக்காலம் என்று வைத்துக்கொண்டால் புகையே இல்லாத படம்தான் அசலுக்குக் கிட்டத்தில் இருக்கும்.

ஆனாலும் புகை வேண்டும் என்பீர்கள், தெரியும். ஊதுபத்தி வைக்கலாம், ஆனால் எஞ்சினுக்குள் வேண்டாம். இரண்டு காரணங்கள். பிளாஸ்டிக் உருகும் என்பது ஒன்று. பதினைந்து படங்களைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் புகை வேறு வேறு வடிவில் இருப்பதால் மென்பொருள் குழம்பி, புகையைத் துண்டு துண்டாக ஒட்டிவைக்கும் என்பது இன்னொன்று. ஆகவே ரயிலைப் புகையில்லாமல் எடுத்து முடித்துவிடுங்கள். பிறகு கறுப்புத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஊதுபத்திப் புகையைத் தனியாக எடுங்கள். ரயில் படத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ அதே பக்கம் விளக்கு இருக்கட்டும். ஒற்றை ஊதுபத்தியின் புகை நூலாகச் சுருளும்; எஞ்சின் புகை அப்படிச் சுருளாது, உருண்டு திரண்டு எழும். மூன்று நான்கு பத்திகளைச் சேர்த்துக் கட்டினால், அல்லது சாம்பிராணி போட்டால், அந்தத் திரட்சி கொஞ்சம் கிடைக்கும். எடிட்டிங் மென்பொருளில் புகைப் படத்தை ரயில் படத்தின்மேல் அடுக்கி, ‘ஸ்கிரீன்’ என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பெல்லாம் மறைந்து வெளிச்சமான பகுதி மட்டும் நிற்கும் முறை அது. கரும்புகை வேண்டுமென்றால் புகைப் படத்தின் நிறங்களைத் தலைகீழாக்கி, ‘மல்டிப்ளை’ என்ற முறையில் அடுக்குங்கள். அதில் வெள்ளை மறைந்து கறுப்பு நிற்கும். அடுக்கியபின் அதன் அடர்த்தியைப் பாதிக்குமேல் குறைத்துவிடுங்கள். ரயில் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் புகை சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கும் ரயிலென்றால், லேஅவுட்டில் பனை ஓலைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம்.